வெளி லேபுக்குப் போன பயாப்ஸிக்கு 88305 போடலாமா?

தோல் மருத்துவர் பஞ்ச் பயாப்ஸி (தோலில் சிறு வட்டத் துண்டு) எடுத்து வெளி லேபுக்கு அனுப்பினார், நீங்கள் திசுவை ஆய்வு செய்ததற்கான பில் குறியீடு 88305 போட்டீர்கள், அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேர் மறுத்துவிட்டது, அப்படித்தானே? மறுக்கத்தான் செய்யும். ஸ்லைடு தயாரித்துப் பார்த்தது அந்த லேப். 88305 அவர்கள் பில்லில்தான் வரவேண்டும். வெளி லேப் செய்தது என்று காட்டும் மாடிஃபையர் (துணைக் குறியீடு) 90 சேர்த்து மறுபடி அனுப்பாதீர்கள், மெடிகேரில் கிளினிக்குக்கு அது செல்லாது. உங்களுக்கு உரியது பஞ்ச் பயாப்ஸி எடுத்ததற்கான 11104. கூடுதலாக எடுத்த ஒவ்வோர் இடத்துக்கும் 11105. மாதிரியை அனுப்பிய வேலைக்கு 99000 இருக்கிறதே என்று தோன்றும். மெடிகேர் அதற்குத் தனியாகக் காசு தராது. தனியார் இன்ஷூரன்ஸ் சில 90-ஐ ஏற்கும், ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். அப்புறம், லேப் படிவத்தில் நோயாளியின் மெடிகேர் எண்ணும் நோய்க்கான ஐசிடி குறியீடும் விடுபட வேண்டாம். விட்டால் அவர்கள் போன் போட்டுக்கொண்டே இருப்பார்கள்.