பேர மாத்தினாங்க, பள்ளிக்கூடத்த மாத்தல

கேள்வி: ஐரோப்பாவுல மனித உரிமை கோர்ட் தீர்ப்பு சொல்லியும், அங்க ஒதுக்கி வைக்கப்படுற சிறுபான்மை இனமான ரோமா பிள்ளைங்க நெலம பெருசா மாறலன்னு படிச்சேன். அங்கயே அப்படின்னா நம்ம ஊர்ல தீர்ப்பு வந்து என்ன பிரயோஜனம்?
– ஒரு ஆசிரியை, உசிலம்பட்டி

பதில்: பிரயோஜனம் இருக்கு டீச்சர். தீர்ப்பு வந்த அன்னைக்கே எல்லாம் முடிஞ்சுதுன்னு வீட்டுக்குப் போயிடுறோம் பாருங்க, அங்கதான் கோட்ட விடுறோம். நீங்க சொல்ற கேஸ் செக் நாட்டுல ஓஸ்ட்ராவாங்கிற ஊர்ப் பிள்ளைங்க 18 பேர் போட்டது. மூளை வளர்ச்சி கம்மியான பிள்ளைங்களுக்குன்னு இருந்த ஸ்பெஷல் ஸ்கூல்ல ரோமா பிள்ளைங்கள கொண்டுபோய் சேத்தாங்க, அந்த ஊர்ல மத்த பிள்ளைங்கள விட 27 மடங்கு அதிகமா இவங்கதான் அங்க போறாங்கன்னு கேஸ் போட்டவங்க கணக்கெடுத்துக் கொடுத்தாங்க, 2006ல தோத்தாங்க, பெரிய பெஞ்சுக்குப் போயி 2007 நவம்பர்ல 13க்கு 4ன்னு ஜெயிச்சாங்க. பெத்தவங்களே சம்மதம்னு கையெழுத்து போட்டிருக்காங்களேன்னு அரசு சொன்னத கோர்ட் ஏத்துக்கல. இனப் பாகுபாடு இல்லாம நடத்தப்படுற உரிமைய யாரும் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்க முடியாதுன்னுடுச்சு. எனக்கு அந்தத் தீர்ப்புலயே பெரிய விஷயம் இதுதான், நீட்டின எடத்துல கையெழுத்து போட்ட எத்தனை அப்பா அம்மாவ நீங்களும் பாத்திருப்பீங்க.

அப்புறம் என்ன நடந்துச்சு? தலைக்கு 4,000 யூரோ நஷ்டஈடு. ஸ்பெஷல் ஸ்கூல்ங்கிற பேர தீர்ப்புக்கு முன்னாடியே சட்டத்துல எடுத்துட்டு பிராக்டிகல் ஸ்கூல்னு வச்சிருந்தாங்க, ஆனா உள்ள பழைய ஏற்பாடுதான் ரொம்ப நாள் ஓடுச்சு. தீர்ப்ப அமல்படுத்துறாங்களான்னு கண்காணிக்கிறது ஐரோப்பிய கவுன்சிலோட அமைச்சர்கள் குழு. அவங்க 15 வருஷம் தாண்டியும் ஃபைல மூடாம, எத்தனை பிள்ளைங்க வெளிய வந்தாங்கன்னு கணக்கு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நம்மகிட்ட இல்லாதது அந்தப் பிடிவாதம்தான்.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் கத உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. 1996ல பஞ்சாயத்து தலைவர் பதவிய தலித்துகளுக்கு ரிசர்வ் பண்ணியும் 10 வருஷம் ஒழுங்கா ஒரு தலைவர் உக்கார முடியல, ஜெயிச்சவரையும் உடனே ராஜினாமா பண்ண வச்சாங்க. சட்டம் அப்பவும் இருந்துச்சுல்ல? 2006ல மதுரை கலெக்டர் உதயச்சந்திரன் ஊருக்குள்ள போயி உக்காந்து பேசினார், அக்டோபர்ல தேர்தல் நடந்துச்சு.

நீங்க உங்க ஸ்கூல்லயே தொடங்குங்க டீச்சர். மெல்லக் கற்போர்னு தனியா உக்கார வச்சிருக்குற பிள்ளைங்க எந்தத் தெருவுல இருந்து வர்றாங்கன்னு ஒரு நோட்டுல எழுதிப் பாருங்க. எழுதினத எனக்கு அனுப்புங்க, ஊர் பேர், ஸ்கூல் பேர் இல்லாம அடுத்த இதழ்லயே போடுறேன்.