மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வளருமா? டிங்கிக்குப் பிறகு முடி கொட்டிய வாசகிக்குத் தோல் மருத்துவரின் பதில்

கேள்வி: டாக்டர், நான் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். வயது 36. பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை, தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போய்வருகிறேன். எட்டு மாதத்துக்கு முன் டிங்கி வந்து மருத்துவமனையில் இருந்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் கழித்து, தலைக்குக் குளிக்கும்போதெல்லாம் கைநிறைய முடி வர ஆரம்பித்தது. இப்போது குறைந்திருக்கிறது, ஆனால் நிற்கவில்லை. பின்னல் பாதியாகிவிட்டது, வகிடும் அகலமாகத் தெரிகிறது. மாதவிலக்கு எனக்கு எப்போதும் அதிகமாகப் போகும். பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்கிறார் மாமியார். மினோக்சிடில் என்ற மருந்தைத் தலையில் பூசு என்கிறாள் தோழி. ஒரு முடி சிகிச்சை மையத்தில் ஐயாயிரம் வெள்ளிக்கு பேக்கேஜ் எடுக்கச் சொல்கிறார்கள். அடுத்த ஆண்டு இரண்டாவது குழந்தைக்கு யோசிக்கிறோம். நான் என்ன செய்யட்டும்?

பதில்: சகோதரி, காய்ச்சலால் கொட்டிய முடி பெரும்பாலும் தானாகவே திரும்ப வரும். அதற்கு யாருக்கும் ஐயாயிரம் வெள்ளி கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் எழுதியதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. கைநிறைய முடி கொட்டியது ஒன்று, வகிடு அகலமானது இன்னொன்று. இரண்டுக்கும் காரணமும் வேறாக இருக்கலாம், வைத்தியமும் வேறாக இருக்கலாம். எது எவ்வளவு என்று தெரிந்துகொண்ட பிறகு பணத்தை வெளியே எடுங்கள்.

முதலில் கொட்டியதைப் பார்ப்போம். நம் தலையில் சுமாராக ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொன்றும் சில ஆண்டுகள் வளர்ந்து, பிறகு மூன்று மாதம் போல ஓய்வில் இருந்துவிட்டு விழும். அதே வேரிலிருந்து புதிய முடி முளைக்கும். சாதாரண நாளில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து முடிதான் ஓய்வில் இருக்கும். ஒரு நாளைக்கு ஐம்பதிலிருந்து நூறு வரை விழுவது இயல்பு. டிங்கி போன்ற கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து உடம்பைக் குறைப்பது, இவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் பெரும் பங்கு ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அவை விழுவது இரண்டு மூன்று மாதம் கழித்து. அதனால்தான் காய்ச்சலை மறந்து, கடைசியாக மாற்றிய ஷாம்புவைக் குறை சொல்கிறோம். உங்களுக்கு நடந்த காலக்கணக்கு அப்படியே பொருந்துகிறது. இந்த வகையில் வேர் சாகவில்லை என்பதை மனத்தில் வையுங்கள்.

இது வழக்கமாக ஆறு மாதத்துக்குள் அடங்க வேண்டும். உங்களுக்குக் கொட்ட ஆரம்பித்தே ஆறு மாதம் ஆகிறது, இன்னும் நிற்கவில்லை. அங்கேதான் எனக்குக் கொஞ்சம் யோசனை. ஒன்று, உடம்பில் வேறு குறை இருந்து அது முடியை மீளவிடாமல் பிடித்து வைத்திருக்கலாம். இன்னொன்று, பரம்பரையாக வரும் முடி மெலிவு உங்களுக்கு முன்பே மெல்லத் தொடங்கியிருக்கலாம். அந்த மெலிவில் முடி கொத்தாகக் கொட்டாது. ஒவ்வொரு சுற்றிலும் முன்பைவிட மெல்லியதாக, குட்டையாக முளைக்கும். ஆண்களுக்கு நெற்றி ஓரமும் உச்சியும் காலியாகும். பெண்களுக்கு முன் நெற்றி அப்படியே இருக்க, வகிடு அகலமாகும். அடர்த்தி நிறைய இருக்கும்வரை இது கண்ணில் படாது. காய்ச்சலில் ஒரு பங்கு முடி போனதும் திடீரென்று தெரிகிறது. அப்பா வழியில் மட்டும்தான் இது வரும் என்று நினைக்காதீர்கள், இரண்டு பக்கத்திலிருந்தும் வரலாம்.

வீட்டிலேயே பார்க்கச் சில அடையாளங்கள் உண்டு. பகல் வெளிச்சத்தில் வகிட்டை ஒரு படம் எடுங்கள். மாதம் ஒருமுறை அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் எடுத்து வையுங்கள். கண்ணாடியில் தினமும் பார்ப்பதைவிட அது நேர்மையான சாட்சி. நெற்றி ஓரத்திலும் வகிட்டிலும் குட்டை முடிகள் நுனி கூர்மையாக நிமிர்ந்து நின்றால் அவை புதிதாக வருபவை, மகிழ்ச்சியடையலாம். வகிட்டின் இரு பக்கமும் தடித்த முடிக்கு நடுவே பூனை முடிபோல மெல்லியவை நிறைய இருந்தால், பின்னந்தலையில் அப்படி இல்லாவிட்டால், பரம்பரை மெலிவைச் சந்தேகிக்க வேண்டும்.

பின்னலைப் பிடித்துப் பார்த்து மனம் தளராதீர்கள் என்று சொல்வதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளரும். முன் நெற்றியில் முளைத்த முடி பின்கழுத்தில் நீங்கள் ரப்பர் போடும் இடத்துக்கு வர 20 அல்லது 25 சென்டிமீட்டராவது வேண்டும். அதாவது இரண்டு ஆண்டு. வேரில் எண்ணிக்கை சரியாகிவிட்ட பிறகும் பின்னல் மெலிந்தே இருக்கும். இந்த இடைவெளியில்தான் பலர் பயந்துபோய் ஒன்றன்பின் ஒன்றாக எண்ணெய், மாத்திரை, பேக்கேஜ் என்று வாங்குகிறார்கள். முடி தானாக நிறைந்ததும், கடைசியாக வாங்கியதுக்கே அந்தப் பெருமை போய்ச் சேருகிறது. இப்போதைக்குத் தோள் அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். உடனே நிறைவாகத் தெரியும்.

இனி மாமியார் சொன்னது. மொட்டை அடிப்பதால் முடியின் தடிப்போ எண்ணிக்கையோ கூடாது. வெளியே தெரியும் முடியில் உயிர் கிடையாது. அடர்த்தியைத் தீர்மானிக்கிற வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது, சவரக்கத்தி அதைத் தொடுவதில்லை. 1928-இலேயே மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் சவரம் செய்த முடியை அளந்து பார்த்து, வளர்ச்சியில் மாற்றமில்லை என்று காட்டினார். மழித்த பின் வரும் முடி முனை மழுங்கி இருப்பதால் கைக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்படுகிறது.

ஆனாலும் உங்கள் மாமியார் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார் என்று நினைக்கிறேன். காய்ச்சலிலோ பிரசவத்திலோ முடி கொட்டியவர் அந்தச் சமயத்தில் மொட்டை போட்டால், பழைய முடியும் புதிதாக முளைப்பதும் ஒரே அளவிலிருந்து தொடங்குகின்றன. ஓராண்டு கழித்து எல்லாம் ஒரே நீளத்தில் நிறைந்து நிற்கும். மொட்டை போடாமலும் அதே எண்ணிக்கை வந்திருக்கும். நீளம் சமமாக இல்லாததால் நிறைவு தெரியாது, அவ்வளவுதான். பரம்பரை மெலிவு இருப்பவருக்கு மொட்டைக்குப் பிறகும் வகிடு அகலமாகவே இருக்கும். முருகனுக்கு நேர்ந்துகொண்டிருந்தால் தாராளமாகக் காணிக்கை கொடுங்கள், அதனால் முடிக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஒன்று மட்டும்: புதிய பிளேடை உங்கள் கண்முன்னே பிரித்துப் போடச் சொல்லுங்கள். ஹெப்படைட்டிஸ் பி போன்றவை ரத்தம் பட்ட பிளேடில் பரவக்கூடியவை. விரதத்துக்காக மரக்கறி சாப்பிடும் வாரங்களில் பருப்பு, சோயாவில் செய்த தௌஹு, தெம்பே ஏதாவது ஒன்று தினமும் தட்டில் இருக்கட்டும். ஒரு வேளை மட்டும் உண்ணும் விரதத்தை இந்த ஆண்டு தள்ளிவைப்பது நல்லது.

உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் மாதவிலக்கு அதிகம் என்ற வரி. இரும்புச் சத்துக் குறைவு அப்படித்தான் சத்தமில்லாமல் வரும். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டால் திருப்தி அடையாதீர்கள். உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்பைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற பரிசோதனை. 30-க்குக் கீழே இருந்தால் சேமிப்பு காலியாகிறது என்று பொருள். காய்ச்சல் நேரத்தில் ஃபெரிட்டின் ஏறிக் காட்டும், டிங்கியில் மிகவும் ஏறும். ஆகவே மருத்துவமனையில் எடுத்த பழைய எண்ணை வைத்து முடிவு செய்யாமல் இப்போது புதிதாக எடுங்கள். கூடவே முழு ரத்தப் பரிசோதனை, தைராய்டுக்கு டிஎஸ்எச். குழந்தைக்கு யோசிக்கும் ஒருவருக்கு முடியை விட்டாலும் இந்த மூன்றும் தேவைதான்.

பயோட்டின் மாத்திரையை ரத்தம் எடுப்பதற்கு இரண்டு மூன்று நாளுக்கு முன்பே நிறுத்துங்கள். அதிக அளவு பயோட்டின் தைராய்டு முடிவையே தவறாகக் காட்ட வைக்கும். உண்மையில் பயோட்டின் குறைபாடு அரிது. சாதாரணமாகச் சாப்பிடுகிறவருக்கு அந்த மாத்திரையால் முடி கூடும் என்பதற்கு நல்ல ஆதாரமில்லை, அந்தப் பணத்துக்குக் கொய்யாப்பழம் வாங்குங்கள்.

இரும்பு மாத்திரையைப் பரிசோதனை இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம். நம் மலேசியாவில் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் மரபணு உள்ளவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கும் ரத்த அணுக்கள் சிறியதாகவே தெரியும், ஆனால் இரும்பு தேவைப்படாமல் இருக்கலாம். குறைவு என்று உறுதியானால் ஒரு நாளைக்கு ஒரு மாத்திரையோ, ஒரு நாள் விட்டு ஒரு நாளோ மருத்துவர் சொல்வார். வைட்டமின் சி உள்ள பழத்தோடு எடுங்கள். தே தாரேக்கோடு வேண்டாம். தேநீரில் உள்ள டானின் இரும்பை உடம்பில் சேரவிடாது, பாலில் உள்ள கால்சியமும் அப்படியே. ரொட்டி சானாயோடு தேநீர் குடித்துப் பழகியவர்கள் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கலாம். சேமிப்பு நிரம்பவே மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். சும்மா மாத்திரை போட்டுக்கொண்டே இருக்காமல், ஏன் அவ்வளவு ரத்தம் போகிறது என்பதையும் மகளிர் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எண்ணெய் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் இந்நேரம் ஒரு போத்தல் வந்திருக்கும். தேங்காய் எண்ணெய் முடித் தண்டுக்குள் ஊறி அது உடைவதைக் குறைக்கும், அது உண்மை. வேரைப் புதிதாக முளைக்க வைக்காது. குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன் முடியின் நீளத்துக்குத் தேயுங்கள். பொடுகு இருந்தால் இரவெல்லாம் தலையில் ஊறவைக்காதீர்கள். பொடுகுக்குக் காரணமான பூஞ்சை எண்ணெய்ப் பசையில்தான் வளரும், பினாங்கின் புழுக்கம் அதற்கு இன்னும் வசதி. காலை ஷிஃப்டுக்கு ஈர முடியை இறுக்கிக் கட்டி ஹெல்மெட் மாட்டுவதையும் விடுங்கள். இழுத்துக் கட்டிய இடத்தில் வரும் முடியிழப்பு பல ஆண்டு தொடர்ந்தால் திரும்பாது.

மினோக்சிடில் நல்ல மருந்துதான். ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த மாத்திரையில் முடி வளர்ந்ததைக் கவனித்து, தலையில் பூசும் மருந்தாக்கினார்கள். அமெரிக்காவில் 1988-இல் அது அனுமதி பெற்றது. அது உதவுவது முக்கியமாகப் பரம்பரை மெலிவுக்கு. முதல் சில வாரம் இன்னும் கொட்டும், பலன் தெரிய நான்கு மாதமாவது ஆகும், நிறுத்தினால் வந்தது சில மாதத்தில் போய்விடும். கருவுற முயலும்போதும், கர்ப்பத்திலும், பாலூட்டும்போதும் அதைத் தவிர்க்கச் சொல்கிறோம். அடுத்த ஆண்டு குழந்தை என்றால் இப்போது ஆரம்பித்துச் சில மாதத்தில் நிறுத்த வேண்டிவரும். அதனால் உங்களுக்கு இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. குழந்தை தாய்ப்பால் மறந்த பிறகும் வகிடு அப்படியே இருந்தால் அப்போது தொடங்கலாம், காலம் கடந்துவிடாது. வீட்டில் யாராவது இதைப் பூசினால் பூனை நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், பூனைக்கு அது கொடிய விஷம். கணவருக்கு முடி உதிர்வுக்கான ஃபினாஸ்டெரைட் மாத்திரை யாராவது கொடுத்திருந்தால் அது பெண்களுக்கானதல்ல. கர்ப்பமாக இருப்பவர் உடைந்த மாத்திரையைத் தொடவும் கூடாது.

பேக்கேஜில் கையெழுத்துப் போடாதீர்கள். காரணம் கண்டுபிடிக்காமல் பத்துத் தடவை தலை கழுவுவதற்கும் மசாஜுக்கும் பணம் வாங்குவது சிகிச்சை இல்லை. ஆறு மாதத்தில் தானாக வரவிருந்த முடி அந்த பேக்கேஜின் வெற்றியாகக் கணக்கில் ஏறும். எனக்கு உண்மையாகவே கோபம் வருகிற இடம் இது, ஏனென்றால் அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் ஓவர்டைம் செய்து சேர்த்த பணத்தைக் கொடுக்கிறார்கள். உங்கள் ரத்தத்தையே எடுத்துத் தலையில் ஊசியாகப் போடும் பிஆர்பி பரம்பரை மெலிவில் சிலருக்குப் பலன் தருகிறது; உங்கள் நிலைக்கு அது முதல் படி அல்ல. மருந்து என்று எதை வாங்கினாலும் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணைத் தேடுங்கள், அதை மருந்துகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான என்பிஆர்ஏ (NPRA) இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். எண்ணின் கடைசியில் டி (T) என்ற எழுத்து இருந்தால் அது பாரம்பரிய மருந்து.

வீட்டுக்குப் பக்கத்து அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் ஆரம்பியுங்கள், குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். ஃபெரிட்டின் எல்லா இடத்திலும் செய்வதில்லை, கேட்டுப் பார்த்துத் தேவையானால் தனியார் ஆய்வகத்தில் எடுங்கள். தோல் நிபுணரைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கேயே கடிதம் வாங்கிக்கொண்டு பினாங்கு பெரிய மருத்துவமனைக்குப் போகலாம். தலையில் வட்டமாகப் புழுவெட்டு விழுந்தாலோ, தோல் சிவந்து வலித்தாலோ, முடி போன இடம் வழவழவென்று பளபளத்தாலோ காத்திருக்க வேண்டாம். தழும்பாகிவிட்ட வேர் மீண்டும் முளைக்காது.

அப்புறம், குழந்தை உண்டாகியிருக்கும்போது முடி நன்றாக அடர்ந்து தெரியும், ஹார்மோன்கள் அதை விழவிடாமல் வைத்திருக்கும். பிரசவம் ஆகி இரண்டிலிருந்து நான்கு மாதத்தில் மறுபடியும் கொத்தாகக் கொட்டும். அது இயல்பானது, அதற்கென்று எதையும் வாங்க வேண்டாம். குழந்தையின் முதல் பிறந்தநாள் தாண்டியும் கொட்டல் நிற்காவிட்டால், எடுத்து வைத்த வகிட்டுப் படங்களோடு வாருங்கள்.