கருவாட்டுப் பாயும் பாதரசமும்

கேள்வி: சாக்கடைக் கசடைக் காயவைத்து நிலக்கரியோடு எரிக்கலாம் என்கிறார்களே, கரையில் கருவாடு காயப்போடும் எங்களுக்கு ஆபத்தா? (வாசகி, தேவிபட்டினம்)

பதில்: நியாயமான பயம் அம்மா. கந்தகப் புகையை, சுமார் 850 டிகிரியில், காற்றில் மிதக்கும் சூடான மணலுக்குள் எரிபொருளை எரிக்கும் மணல்படுகைக் கொதிகலனில் சுண்ணாம்புக்கல் போட்டே பெருமளவு அடக்கிவிடலாம். கசடிலும் கரியிலும் உள்ள காட்மியம், ஈயம் போன்ற நச்சு உலோகங்கள் எல்லாம் நுண்சாம்பலில் ஒட்டிக்கொள்ளும், நல்ல பை வடிகட்டி இருந்தால் பெரும்பாலும் சிக்கிவிடும். எனக்குக் கவலை பாதரசம்தான். அதில் பெரும்பங்கு ஆவியாகவே வடிகட்டியைத் தாண்டிப் போய்விடக்கூடும், அப்புறம் கடலில் விழுந்து, நுண்ணுயிரிகளால் மெத்தில் பாதரசம் என்ற, உடலில் தங்கிவிடும் நச்சாக மாறி, சின்ன மீனைத் தின்னும் பெரிய மீனில், அதாவது உங்கள் பாயில் உப்புத் தடவிக் காயும் சுறாவில், சேர்ந்துகொண்டே போகும். பாதரச ஆவியைப் பிடிக்க, அதை உறிஞ்சிக்கொள்ளும் கிளர்வூட்டிய கரித்தூளைப் புகையில் தூவ வேண்டும். ஆலை வருகிறது என்று யாராவது சொன்னால் முதலில் இதைக் கேளுங்கள்.