எண் போடாத பக்கங்கள்

வாசகர் கடிதம் (சுருக்கம்):

அன்புள்ள அக்கா, எனக்கு வயது 39. சிங்கப்பூரில் பாசிர் பாஞ்சாங் பக்கம் ஒரு கப்பல் சரக்கு முகவர் அலுவலகத்தில் ஆவணப் பிரிவில் வேலை செய்கிறேன். அப்பா காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஈசூனில் நான்கறை வீட்டில் எழுபது வயது அம்மாவும் நானும் இருக்கிறோம். நான் ஆண்களை விரும்புகிறவன். இரண்டு நண்பர்களிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். அவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். அலுவலகத்தில் கல்யாணப் பேச்சு எடுப்பவர்களிடம், சென்னையில் ஒரு பெண் இருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இரவில் கதை எழுதுகிறேன். கையால் எழுதும்போது அது இரண்டு ஆண்களின் கதையாக இருக்கும். கணினியில் ஏற்றும்போது ஒருவனைப் பெண்ணாக மாற்றிப் பத்திரிகைக்கு அனுப்புவேன். 'நாயகி மனத்தில் நிற்கவில்லை' என்று இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகப் படம் பார்ப்பேன். 'காதல் – தி கோர்' படத்தை மூன்று முறை பார்த்து அழுதிருக்கிறேன். அம்மாவுக்கு என்னைப் பற்றி எதுவும் தெரியாது. உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர், ஆனால் அவர் என்னிடம் அதிகம் பேசமாட்டார். போன மாதம் மழைக்காற்றில் என் கைப்பிரதி கூடமெங்கும் பறந்து கிடந்தது. எண் போடும் பழக்கம் எனக்கு இல்லை. ஆனாலும் அவர் எல்லாவற்றையும் பொறுக்கி வரிசையாக அடுக்கி, மேலே தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைத்திருந்தார். அப்படிப்பட்ட அம்மாவிடம்கூட மனம் திறக்க முடியவில்லை. தஞ்சாவூரில் அத்தை எனக்குப் பெண் பார்க்கிறார். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இரண்டறை வீடு வாங்கித் தனியாகப் போய்விடலாமா என்றும் தோன்றுகிறது. இந்தத் தனிமையை எப்படிக் கடப்பது? எழுதுவதால் ஏதாவது பயன் உண்டா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈசூன்

பதில்:

தம்பி, உங்கள் கடிதமும் எண் போடாமல்தான் வந்தது. ஒன்பது தாள்கள். உறையைப் பிரிக்கும்போது கைதவறித் தரையில் கொட்டிவிட்டேன். பொறுக்கி எடுத்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பிக்கொண்டு வரிசைப்படுத்த உட்கார்ந்தேன். எண் இல்லாத தாள்களை வரிசைப்படுத்த ஒரே வழிதான் உண்டு. ஒரு தாளின் கடைசி வரியைப் படித்து, அது எந்தத் தாளின் முதல் வரியோடு சேர்கிறது என்று தேட வேண்டும். 'ஆனால் அவர் என்னிடம்' என்று ஒரு தாள் முடிந்திருந்தது. 'அதிகம் பேசமாட்டார்' என்று தொடங்கும் தாள் கிடைக்கும்வரை மற்ற எட்டையும் புரட்டினேன். கால் மணி நேரம் ஆயிற்று. கடைசித் தாளை அடியில் செருகியபோது, கடிதத்தை முறையாகப் படிக்கத் தொடங்குவதற்கு முன்பே, நீங்கள் யார், எதற்காக எழுதியிருக்கிறீர்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது.

உங்கள் அம்மாவும் அப்படித்தான் அடுக்கியிருக்கிறார். அவருக்கு எதுவும் தெரியாது என்று எழுதிவிட்டு, அடுத்த சில வரிகளிலேயே அவர் உங்கள் கைப்பிரதியை வரிசையாக அடுக்கி வைத்தார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டும் எப்படித் தம்பி சேர்ந்து நிற்கும்? அந்த மூக்குக்கண்ணாடிக் கூடு அங்கே எப்படி வந்தது என்று ஒரு கணமாவது யோசித்தீர்களா? தாள் பறக்காமல் இருக்க வீட்டில் வேறு எத்தனையோ பொருள் கைக்கு எட்டியிருக்கும். கூட்டிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டதால்தான் கூடு அவர் பக்கத்தில் கிடந்தது. 1982ல் மூடப்படும்வரை உயர்நிலை வகுப்புகளைத் தமிழிலேயே நடத்திய பள்ளியில் படித்தவர் அவர். மகனுடைய கையெழுத்தை அவருக்குப் படிக்கத் தெரியாதா? கணினியில் ஏற்றும்போதுதான் அவனை அவளாக மாற்றுவீர்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் அவர் படித்தது மாற்றாத கதையை.

இத்தனை ஆண்டுகளில் இதே துயரத்தைச் சொல்லும் கடிதங்கள் என்னிடம் நிறைய வந்திருக்கின்றன. பெயரும் தொழிலும் மாறும். 'அம்மாவுக்குத் தெரியாது' என்ற வரி மட்டும் அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கும். தெரிந்தால் அவர் பேசியாக வேண்டும், அவர் பேசினால் நாம் பதில் சொல்லியாக வேண்டும் என்பதால், பிள்ளைகள் தங்கள் வசதிக்காக அந்த வரியை நம்பிக்கொள்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் நம்பியிருக்கிறீர்கள். எழுபது வயதில் ஒரு பெண் கூடத்துத் தரையில் குனிந்து ஒவ்வொரு தாளாகப் பொறுக்கி, உட்கார்ந்து படித்து, உண்மையைத் தெரிந்துகொண்டு, அதை அப்படியே அடுக்கி மூடி வைத்துவிட்டு, ஒரு மாதமாக உங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறார். உங்கள் தனிமையைப் பற்றி எனக்கு ஒன்பது தாள் எழுத உங்களால் முடிந்தது. கணவரும் இல்லாத அந்த வீட்டில், தெரிந்துகொண்டதை அவர் யாரிடம் சொல்லுவார்?

அவர் ஏன் தாமாகக் கேட்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவு இங்கே 1938ல் வந்தது. உங்கள் அம்மா பிறப்பதற்கு முன்பே அது இருந்தது. அவர் அறுபதைத் தாண்டிய பிறகும் இருந்தது. நாடாளுமன்றம் அதை நீக்கியது 2022 நவம்பர் 29ஆம் தேதி. அந்த நீக்கம் நடைமுறைக்கு வந்தது 2023 ஜனவரி 3ஆம் தேதி. வாழ்நாள் முழுவதும் குற்றம் என்று கேட்டுப் பழகிய ஒன்றைத் தன் மகனிடம் எந்தச் சொல்லால் கேட்பது என்று அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். நம் வீடுகளில் இதற்குப் புழங்கும் சொற்களில் பெரும்பாலானவை வசைச் சொற்கள். அவற்றை வாயில் எடுக்க மறுத்து அவர் மௌனமாக இருக்கிறார் என்றால், அந்த மௌனத்தை நான் மதிக்கிறேன். நீங்கள் அதை 'அதிகம் பேசமாட்டார்' என்று குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள்.

அடுத்தது தஞ்சாவூர். இதில் நான் கடுமையாகவே பேசப்போகிறேன். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை என்பது நடுநிலை அன்று. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பையன் பதில் சொல்லாமல் இருந்தால் நம் ஊரில் அதற்குச் சம்மதம் என்றுதான் பொருள். ஏதோ ஒரு வீட்டில் ஒரு பெண்ணின் ஜாதகத்தை எடுத்துப் பூஜை அறையில் வைத்திருப்பார்கள். வேறு வரன் வந்தால் கொஞ்சம் பொறுக்கலாம் என்று தள்ளிப்போட்டிருப்பார்கள். நாளை உங்கள் மௌனம் தாலியில் முடிந்தால், அந்தப் பெண் நீண்டகால வருகை அனுமதியில் இங்கே வருவாள். அதற்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திடுபவர் நீங்கள். தாயும் தோழியும் இல்லாத ஊரில், அவள் தங்குவதற்கான அனுமதியே உங்கள் கையில் இருக்கும் நிலையில், தன்னிடம் என்ன குறை என்று தெரியாமல் இரவெல்லாம் விழித்திருப்பாள். குடும்பம் என்பதை நான் புனிதமாக நினைக்கிறவள், தம்பி. அதனாலேயே சொல்கிறேன்: ஒரு பெண்ணை மறைப்புத் துணியாக வைத்துக் கட்டுவது குடும்பம் ஆகாது.

மூன்று முறை பார்த்து அழுததாகச் சொன்னீர்களே, ஜியோ பேபி 2023ல் இயக்கிய அந்தப் படத்தில் நீதிமன்றத்துக்குப் போவது யார்? மம்முட்டி நடித்த மாத்யூவா? இருபது ஆண்டுகள் அவரோடு வாழ்ந்த மனைவி ஓமனாதான் விவாகரத்துக் கேட்டுப் போகிறார். ஜோதிகா அந்த வேடத்தில் எவ்வளவு குறைவாகப் பேசுகிறார் என்று கவனித்தீர்களா? மாத்யூவுக்காக அழுதது சரிதான்; நம் படங்கள் உங்களைப் போன்றவர்களைப் பெரும்பாலும் கேலிப்பொருளாகவோ வில்லனாகவோ காட்டி வந்திருக்கும்போது, மனிதனாகக் காட்டிய ஒரு படத்தின் முன் கண்ணீர் வருவது இயல்பு. நான்காம் முறை பார்க்கும்போது ஓமனாவை மட்டும் பாருங்கள். தஞ்சாவூர்ப் பெண்ணுக்கு நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் இருபது ஆண்டுகள் அவை.

எழுதுவதால் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கதைகள் ஏன் திரும்பி வருகின்றன என்பதற்கான விடையும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நாயகி மனத்தில் நிற்கவில்லை என்று சொன்ன பொறுப்பாசிரியர் சரியாகத்தான் படித்திருக்கிறார். தமிழில் ஒரு மனிதனைப் பெண்ணாக்க 'அவன்' என்பதை 'அவள்' ஆக்கினால் போதாது. வந்தான், சிரித்தான், திரும்பிப் பார்த்தான் என்று ஒவ்வொரு வினைமுற்றின் வாலையும் பிடித்துத் திருப்ப வேண்டும். அத்தனையையும் பொறுமையாகத் திருப்பியிருப்பீர்கள். ஆனால் அவன் எப்படி நடப்பான், எதற்குக் கோபப்படுவான், யாருக்குப் பயந்து குரலைத் தாழ்த்துவான் என்பது விகுதியில் இல்லை. இரண்டு ஆண்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் நின்று பேசும்போது மின்தூக்கிக் கதவு திறந்தால் சட்டென்று ஒரு அடி தள்ளி நிற்பார்களே, அந்த ஒரு அடியை ஆணும் பெண்ணும் நிற்கும் இடத்தில் வைத்தால் அதற்கு அர்த்தம் வேறாகிவிடும். கதையின் உயிர் அந்த ஒரு அடியில்தான் இருந்திருக்கும். தட்டச்சு செய்யும்போது அதைத்தான் நீங்கள் கொன்றுவிடுகிறீர்கள்.

மாற்றாமல் அனுப்புங்கள். பெயர் தெரிந்துவிடும் என்ற அச்சம் நியாயமானது. இங்கே தமிழ் எழுத்துலகம் சிறியது. தேசிய நூலகத்தில் ஒரு புத்தக வெளியீட்டுக்குப் போனால் பாதிப் பேர் ஒருவரையொருவர் உறவுமுறை சொல்லி அழைப்பார்கள். அதற்குத்தான் புனைபெயர் இருக்கிறது. விருத்தாசலம் புதுமைப்பித்தன் ஆனார்; ரங்கராஜன் தம் மனைவியின் பெயரிலேயே சுஜாதாவாக எழுதினார். அகப்பாடலில் காதலர் பெயரைச் சுட்டக் கூடாது என்று தொல்காப்பியமே விதி வகுத்திருக்கிறது. ஆளை மறைத்துக்கொண்டு உண்மையை எழுத நம் மொழி எப்போதும் இடம் கொடுத்திருக்கிறது. நீங்கள் உங்கள் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு கதையை மாற்றுகிறீர்கள். பெயரை மாற்றிக் கதையைக் காப்பாற்றுங்கள்.

அலுவலகத்தில் உலவும் அந்தச் சென்னைப் பெண்ணை இனி வளர்க்காதீர்கள். அவளுக்குப் பிறந்தநாள், வேலை மாற்றம், தள்ளிப்போகும் நிச்சயதார்த்தம் என்று ஆண்டுக்கணக்காகக் கற்பனையைச் செலவழித்துவிட்டு, இரவில் களைத்துப் போய் எழுத உட்கார்கிறீர்கள். அதற்காக அலுவலகத்தில் உண்மையைச் சொல்லுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம் பாகுபாட்டுக்கு எதிராகத் தரும் பாதுகாப்புப் பட்டியலில் பாலின நாட்டம் இடம்பெறவில்லை. சம்பளத்தை நம்பி ஒரு தாய் இருக்கும் வீட்டில் அதை யோசித்துத்தான் ஆக வேண்டும். 'கல்யாணத்தைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை' என்று சொன்னால் போதும். இரண்டு முறை கேட்பார்கள், மூன்றாம் முறை விட்டுவிடுவார்கள்.

வீட்டு விஷயம். முப்பத்தைந்து வயதைக் கடந்த தனியர்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) புதிய இரண்டறை வீட்டுக்கு 2013 முதல் விண்ணப்பிக்க முடிகிறது. 2024ன் பிற்பாதியிலிருந்து எல்லா வட்டாரங்களிலும் அந்த வாய்ப்பு உண்டு. உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. ஆனால் இப்போது போகாதீர்கள். கைப்பிரதியைப் படித்துவிட்டு அவர் வாய் திறக்காமல் இருக்கும் இந்த மாதத்தில் நீங்கள் பெட்டி கட்டினால், தான் படித்ததுதான் மகனை விரட்டியது என்று அவர் நினைத்துக்கொள்வார். மகன் தாய்க்குச் செய்ய வேண்டியது மாதச் செலவுக்குப் பணம் கொடுப்பதும் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போவதும் மட்டுமே என்று நான் நினைக்கவில்லை. உண்மையைத் தனியாகச் சுமக்கும் நிலையில் அவரை விட்டு வைக்காமல் இருப்பதும் கடமைதான்.

அவர் அழக்கூடும். பேரப்பிள்ளை ஆசையைச் சொல்லக்கூடும். கோயிலில் ஒரு நேர்த்திக்கடன் வைக்கலாம் என்றுகூடச் சொல்லக்கூடும். அப்போது நீங்கள் சட்டமும் அறிவியலும் பேசி அவரை ஜெயிக்கப் பார்க்காதீர்கள். உங்களுக்கு முப்பது வருடம் கிடைத்தது. அவருக்குச் சில மாதமாவது வேண்டும். உங்களுக்குத் துணையாகப் பேச ஆள் தேவைப்பட்டால், 1999 முதல் இயங்கிவரும் ஊகாசாகா அமைப்பில் இதற்கென்றே ஆலோசகர்கள் இருக்கிறார்கள். உங்களைப் போன்றவர்களின் பெற்றோர் படும் பாட்டைக் கேட்டுப் பழகியவர்களும் அவர்கள்தான்.

இந்தச் சனிக்கிழமை அத்தையைத் தொலைபேசியில் அழையுங்கள். அம்மா கூடத்தில் இருக்கும்போதே அழையுங்கள். "எனக்குக் கல்யாணம் வேண்டாம் அத்தை, பெண் பாக்கறதை நிறுத்திடுங்க, சொல்லி வச்ச வீடுகளுக்கும் இன்னைக்கே சொல்லிடுங்க" என்று சொல்லுங்கள். காரணம் கேட்பார். அத்தைக்குக் காரணம் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. அந்தப் பெண்ணைக் காத்திருக்க விடாமல் இருக்கும் கடமை மட்டும்தான் உண்டு. தொலைபேசியை வைத்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். அந்தக் கைப்பிரதியை எடுத்து வந்து அம்மாவுக்கு எதிரில் உட்காருங்கள். கண்ணாடிக் கூடு இன்னும் அதன் மேலே இருந்தால் அதையும் சேர்த்தே கொண்டுவாருங்கள். "பொறுக்கி அடுக்கி வச்சீங்களே, கதை எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, அவர் பேசும்வரை காத்திருங்கள்.