யூனியனுக்கு முதலாளி சம்மதம் வேண்டுமா?

கேள்வி: பொம்மனஹள்ளி பக்கம் ஒரு கார்மென்ட்ஸில் டெய்லராக இருக்கிறேன், சொந்த ஊர் தர்மபுரி. எங்கள் லைனில் சிலர் யூனியன் ஆரம்பிக்கப் பேசுகிறார்கள். ஹெச்.ஆர். கூப்பிட்டு, "நாங்கள் ஒத்துக்கொள்ளாத சங்கம் செல்லாது, சேர்ந்தால் வேலை போகும்" என்கிறார். பதிவு, அங்கீகாரம், பன்னிரண்டு மூன்று என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். விளக்குவீர்களா?
- ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: சகோதரி, ஹெச்.ஆர். சொன்னது தப்பு. பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பித்தான் நிறையப் பேரைப் பயமுறுத்துகிறார்கள். சங்கத்தைப் பதிவு செய்வது அரசின் தொழிற்சங்கப் பதிவாளர், அதற்கு முதலாளியின் சம்மதமே தேவையில்லை. 7 பேர் கையெழுத்துப் போட்டு விண்ணப்பிக்கலாம், ஆனால் அங்கே வேலை செய்பவர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேராவது உறுப்பினராகச் சேர்ந்திருக்க வேண்டும். சங்கம் அமைக்கும் உரிமை அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவிலேயே இருக்கிறது.

அங்கீகாரம் என்பது, நிர்வாகம் யாரோடு உட்கார்ந்து சம்பளம் பேச வேண்டும் என்பது. 2020 தொழில் உறவுகள் சட்டத் தொகுப்புப்படி, பல சங்கங்கள் இருந்தால் 51 சதவீதத் தொழிலாளர் ஆதரவு உள்ள சங்கத்துக்கே அந்த உரிமை, அப்படி எதுவும் இல்லாவிட்டால் 20 சதவீதமாவது ஆதரவு உள்ள சங்கங்கள் சேர்ந்த குழுவுக்கு. அந்த அளவுக்கு ஆள் சேரும்வரை உங்கள் சங்கம் சிறிய சங்கம், அவ்வளவுதான், செல்லாத சங்கம் ஆகாது.

பன்னிரண்டு மூன்று என்பது 1947 தொழில் தகராறுச் சட்டத்தின் 12(3) பிரிவு. சட்டம் மாறினாலும் பேச்சில் அந்த எண்தான். தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் சமரசம் பேசிப் போடும் ஒப்பந்தம் அது, சங்கத்தில் சேராதவர், நாளைக்கு வேலைக்கு வருபவர் எல்லோருக்கும் பொருந்தும். அதே பழைய சட்டத்தின் 18(1) என்றால் இரு தரப்பும் தனியாகப் போட்டுக்கொள்வது, கையெழுத்துப் போட்ட தரப்பை மட்டுமே கட்டுப்படுத்தும். அதனால் சம்பள ஒப்பந்தம் என்று யாராவது சொன்னால் எந்தப் பிரிவில் என்று முதலில் கேளுங்கள்.

வேலை போகுமா? சங்கத்தில் சேர்ந்ததற்காக நீக்குவது சட்டப்படி தவறு. ஆனால் நேரடியாக அந்தக் காரணத்தை யாரும் எழுத மாட்டார்கள், டார்கெட் வரவில்லை என்று மெமோ வரும், வேறு யூனிட்டுக்கு மாற்றுவார்கள். அதனால் சம்பளச் சீட்டு, ஐ.டி. கார்டு, சந்தா ரசீது, வந்த மெமோ எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். கோபத்தில் திடீரென்று மெஷினை நிறுத்த வேண்டாம், வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்பே நோட்டீஸ் தர வேண்டும்.

2016 ஏப்ரல் நினைவிருக்கிறதா? பி.எஃப். பணத்தில் முதலாளி பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்று விதி வந்தபோது, உங்கள் ஓசூர் ரோட்டிலேயே ஆயிரக்கணக்கான கார்மென்ட் பெண்கள் எந்தச் சங்கமும் கூப்பிடாமல் இறங்கினார்கள், இரண்டே நாளில் மத்திய அரசு பின்வாங்கியது. அந்தத் துணிச்சலை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் ஓவர்டைம் காசு, சூப்பர்வைசர் வசவு, டாய்லெட் போகக்கூட விடாத டார்கெட், இதற்கெல்லாம் தினமும் ரோட்டில் உட்கார முடியாது, மாதாமாதம் எழுதிக் கொடுத்துப் பேச ஒரு அமைப்பு வேண்டும்.

புதிதாகத்தான் ஆரம்பிக்க வேண்டும் என்றும் இல்லை. கார்மென்ட் லேபர் யூனியன் போல இந்தத் தொழிலுக்கென்றே பெங்களூரில் சங்கங்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேராகப் போய்ப் பேசுங்கள், சந்தா எவ்வளவு, உங்கள் யூனிட்டில் ஏற்கனவே யாராவது உறுப்பினரா என்று கேட்டுவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.