ஓப்பன் சோர்ஸ் திட்டத்துக்கு எஸ்க்யூஎல் தரநிலை ஆவணம் எங்கே கிடைக்கும்? காசு கொடுத்து வாங்கித்தான் ஆக வேண்டுமா?

உங்கள் கேள்வியின் சாரம் இதுதானே: டேட்டாபேஸ் திட்டம் ஒன்றுக்கு பேட்ச் (கோடு திருத்தம்) அனுப்பினீர்கள், "இது தரநிலைப்படி இல்லை" என்று ரிவ்யூவில் திருப்பிவிட்டார்கள், அந்தத் தரநிலையைப் படிக்கலாம் என்று போனால் ஐ.எஸ்.ஓ. (சர்வதேசத் தரநிலை அமைப்பு) தளம் காசு கேட்கிறது.

இப்போதைக்கு வாங்க வேண்டாம். நானும் இதே மாதிரி ஒரு திட்டத்தில் பார்சர் (கொயரியைப் பிரித்துப் படிக்கும் பகுதி) பக்கம் கை வைப்பவன்தான். அன்றாட வேலையில் வரும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு இலவசமாகக் கிடைப்பதே போதும்.

முதலில் எதைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள். டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லின் தரநிலை எண் ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 9075. அமெரிக்காவின் தரநிலை அமைப்பான ஆன்சி 1986-இல் ஏற்றது, மறு வருடம் ஐ.எஸ்.ஓ.வும் ஏற்றது. அப்புறம் 1992, 1999, 2003, 2008, 2011, 2016 என்று வளர்ந்து கடைசியாக 2023. ஒரே ஆவணம் இல்லை, பல பாகங்கள். பாக எண்கள் தாவித் தாவிப் போகும், நடுவில் காணாமல் போனவை கலைக்கப்பட்டவை அல்லது வேறு பாகத்தோடு சேர்க்கப்பட்டவை. உங்களுக்கு வேண்டியது 2-ஆம் பாகமான ஃபவுண்டேஷன். ஆயிரம் பக்கங்களைத் தாண்டும். இன்ஃபர்மேஷன் ஸ்கீமா, அதாவது டேட்டாபேஸில் என்னென்ன டேபிள் இருக்கிறது என்று சொல்லும் சமாச்சாரம் என்றால் 11-ஆம் பாகம். மற்றவற்றை மறந்துவிடலாம்.

இலவசமாகக் கிடைப்பவற்றில் பழையது, 1992 பதிப்பின் வரைவு. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத் தளத்தில் சாதாரண டெக்ஸ்ட் கோப்பாகவே இருக்கிறது. பழசுதானே என்று ஒதுக்கவேண்டாம். ஜாயின், சப்கொயரி, நல் (மதிப்பு இல்லை என்பதைக் குறிக்கும் NULL) ஒப்பீடு போன்ற அடிப்படைகளுக்கு இன்றும் நான் முதலில் திறப்பது அதைத்தான். பிந்தைய பதிப்புகளின் வரைவுகள் எங்கே கிடைக்கும் என்பதற்கு போஸ்ட்கிரெஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸின் விக்கியில் இணைப்புகள் தொகுத்திருக்கிறார்கள். வரைவு என்பது இறுதி வடிவம் இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இன்னொன்று, அதிலிருந்து பத்தி பத்தியாக எடுத்து உங்கள் கோடு கமென்ட்டிலோ டாக்குமென்டேஷனிலோ ஒட்டாதீர்கள். படித்துப் புரிந்துகொண்டு சொந்த வாக்கியத்தில் எழுதுங்கள், காப்புரிமைத் தலைவலி வேண்டாம்.

2016 பதிப்பின் இலக்கணத்தை, அதாவது பி.என்.எஃப். கோப்பை, ஐ.எஸ்.ஓ.வே தன் தளத்தில் இலவசமாகக் கொடுத்தது. பலருக்கு இது தெரியாது. ஆனால் அதை அப்படியே பார்சர் ஜெனரேட்டரில் (இலக்கணத்திலிருந்து பார்சரை உருவாக்கும் கருவி) போட்டு ஓட்டிவிடலாம் என்று கனவு காணாதீர்கள். தரநிலையில் ஒவ்வொரு பிரிவும் ஃபார்மட், சின்டாக்ஸ் ரூல்ஸ், அக்சஸ் ரூல்ஸ், ஜெனரல் ரூல்ஸ், கன்ஃபார்மன்ஸ் ரூல்ஸ் என்று வரிசையாகப் போகும். பி.என்.எஃப். அதில் ஃபார்மட் மட்டும்தான். அது அனுமதிப்பதில் பாதியை சின்டாக்ஸ் ரூல்ஸ் தடுக்கும். சில இடங்களில் இலக்கணக் கோப்பிலேயே இரண்டு ஆச்சரியக்குறி போட்டு, சின்டாக்ஸ் ரூல்ஸைப் பார் என்று கைவிரித்திருப்பார்கள்.

சரி, இதையெல்லாம்விட எனக்கு அதிகம் உதவுவது போஸ்ட்கிரெஸ்தான். தரநிலை ஒவ்வொரு வசதிக்கும் ஒரு குறியீடு கொடுத்திருக்கிறது. போஸ்ட்கிரெஸ் டாக்குமென்டேஷனின் பின்னிணைப்பில் எது இருக்கிறது, எது இல்லை என்ற இரண்டு பட்டியலும் அந்தக் குறியீடுகளோடு கிடைக்கும். 2023 பதிப்பின் கட்டாய வசதிகள் 177, அதில் குறைந்தது 170 தங்களிடம் இருப்பதாக அவர்களே சொல்கிறார்கள். சர்வர் ஓடிக்கொண்டிருந்தால் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் எஸ்க்யூஎல் ஃபீச்சர்ஸ் என்ற டேபிளில் செலக்ட் போட்டாலே பட்டியல் வந்துவிடும். அதில் "யார் சரிபார்த்தார்கள்" என்று ஒரு காலம் (நெடுவரிசை) இருக்கும், எல்லா வரிசையிலும் நல்தான். முறையான தகுதிச் சோதனை எதுவும் செய்வதில்லை என்று டாக்குமென்டேஷனிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

ஒரு உதாரணம். யூனிக் கட்டுப்பாடு (ஒரே மதிப்பு இரண்டு முறை வரக்கூடாது) போட்ட நெடுவரிசையில் இரண்டு நல் வரலாமா? போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூலைட் மூன்றும் வழக்கமாக அனுமதிக்கும். மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர் ஒன்றுக்கு மேல் விடாது. எது தரநிலை என்று ரிவ்யூவில் அடித்துக்கொள்வார்கள். 2023 பதிப்பு என்ன செய்தது தெரியுமா? எஃப் 292 என்ற குறியீட்டில், நல்களைத் தனித்தனியாகப் பார்ப்பதா ஒன்றாகப் பார்ப்பதா என்று பயனரே சொல்ல வழி வைத்தது. எதுவும் சொல்லாவிட்டால்? அது இம்ப்ளிமென்டேஷன் டிஃபைன்ட் என்று விட்டுவிட்டது. அதாவது நீங்களே முடிவு செய்யலாம், ஆனால் எழுதி வைக்க வேண்டும். (இம்ப்ளிமென்டேஷன் டிபென்டன்ட் என்று போட்டிருந்தால் எழுதி வைக்கும் கட்டாயமும் கிடையாது.) ஆக, ரிவ்யூவில் யார் "தரநிலைப்படி தவறு" என்றாலும், தரநிலை அந்த இடத்தில் முடிவே சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆர்டர் பை (ORDER BY) போட்டு வரிசைப்படுத்தும்போது நல் முன்னால் வருமா பின்னால் வருமா என்பதும் இதே ரகம்.

ஒப்பிட்டுப் பார்க்க மார்கஸ் வினாண்டின் மாடர்ன் எஸ்க்யூஎல் தளம் அருமை, எந்த வசதியை எந்த டேட்டாபேஸ் எந்தப் பதிப்பிலிருந்து தருகிறது என்று படமாகவே போட்டிருப்பார். 2023-இல் புதிதாக வந்தவற்றை போஸ்ட்கிரெஸ் டெவலப்பர் பீட்டர் ஐசன்ட்ராட் தன் வலைப்பதிவில் விளக்கியிருக்கிறார். எழுதிய கொயரி தரநிலைக்குள் அடங்குகிறதா என்று சோதிக்க மிமர் நிறுவனத்தின் வேலிடேட்டர் இருக்கிறது, ஆனால் அது சின்டாக்ஸைத்தான் பார்க்கும். பதில் சரியாக வருகிறதா என்பதற்கு எஸ்க்யூலைட் குழு உருவாக்கிய எஸ்க்யூஎல் லாஜிக் டெஸ்ட்டை எடுங்கள். ஒரே கொயரிக்குப் பல டேட்டாபேஸ் என்ஜின்களின் விடையை ஒப்பிடுவதற்கென்றே செய்தது. டக்டிபி, காக்ரோச்டிபி போன்ற டேட்டாபேஸ்கள் எல்லாம் அந்த வடிவத்தைத்தான் எடுத்துப் பயன்படுத்துகின்றன.

காசு போட்டு வாங்குவது எப்போது? மேட்ச் ரெகக்னைஸ் (வரிசைகளில் ஒரு வடிவத்தைத் தேடும் வசதி) மாதிரி ஒன்றை முதலிலிருந்து கட்டப் போகிறீர்கள், ஜெனரல் ரூல்ஸின் ஒவ்வொரு வரியும் வேண்டும் என்றால் இறுதி ஆவணம் தேவைதான். அதையும் கைக்காசில் வாங்காதீர்கள். உங்கள் திட்டத்துக்குப் பின்னால் அறக்கட்டளையோ நிறுவனமோ இருந்தால் கேளுங்கள், 2-ஆம் பாகம் மட்டும் போதும். பல்கலைக்கழக நூலகச் சந்தா வழியாகப் படிக்க முடிகிறதா என்றும் பாருங்கள்.

உங்கள் பேட்ச் விஷயத்தில், திருப்பி அனுப்பியவரிடம் எந்தப் பதிப்பு, எந்தப் பிரிவு, எந்த வசதிக் குறியீடு என்று மரியாதையாகக் கேளுங்கள். சொன்னால் அதை வரைவில் தேடிப் படித்துவிட்டுத் திருத்தி அனுப்புங்கள். சொல்லவில்லை என்றால் நான் மேலே சொன்ன பட்டியலில் நீங்களே குறியீட்டைக் கண்டுபிடித்து, மூன்று நான்கு என்ஜின்களின் விடையோடு கமிட் மெசேஜில் போட்டு அனுப்புங்கள்.