பி.சி.ஜி. தழும்பு விழவில்லை, ஊசி பிடிக்கவில்லை என்று அர்த்தமா?

கேள்வி: என் இரண்டாவது குழந்தைக்கு ஐந்து மாதம் ஆகிறது. பிறந்த மறுநாளே காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போட்டார்கள். மூத்தவளுக்குப் போட்டபோது கொப்புளம் வந்து, உடைந்து, அக்குளில் நெறி கட்டி, கடைசியில் நல்ல தழும்பு விழுந்தது. இவனுக்கு ஒன்றுமே இல்லை, கை வழவழவென்று இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் சொன்னதால் மாண்டூ டெஸ்ட் (கையில் போட்டுப் பார்க்கும் காசநோய்ச் சோதனை) எடுத்தோம், நெகட்டிவ். 'ஊசி பிடிக்கவில்லை, திரும்பப் போடுங்கள்' என்கிறார்கள். என் கணவரோ, 'அந்த ஊசியால் டிபி நிற்காது என்று படித்தேன், விட்டுவிடு' என்கிறார். என் மாமனாருக்கு இரண்டு வருடம் முன்பு நுரையீரலில் காசநோய் வந்தது. மருந்தை முழுதாகச் சாப்பிட்டுக் குணமாகிவிட்டார். எங்களோடுதான் இருக்கிறார். அதனால்தான் பயம். என்ன செய்யட்டும்?

பதில்: திரும்பப் போட வேண்டாம். மாண்டூவும் தேவைப்பட்டிருக்கவில்லை. உங்கள் கணவர் படித்தது முழுப் பொய் இல்லை; ஆனால் அதை வைத்து அவர் எடுத்த முடிவு சரியில்லை.

பி.சி.ஜி. என்பது உயிருள்ள கிருமி. கால்மெட், கெரான் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் மாடுகளுக்குக் காசநோய் தரும் கிருமியை எடுத்து, 1908 முதல் 13 ஆண்டுகள், பித்தநீர் கலந்த உருளைக்கிழங்கு ஊடகத்தில் 230 முறை மாற்றி மாற்றி வளர்த்தார்கள். அதில் அது நோய் தரும் வலிமையை இழந்தது. எப்படி இழந்தது என்பது பல பத்தாண்டுகள் கழித்து மரபணு ஆய்வில்தான் தெரிந்தது: ஆர்.டி.1 என்ற மரபணுத் துண்டு அதில் காணாமல் போயிருந்தது. நிஜக் காசநோய்க் கிருமி, தன்னை விழுங்கிய செல்லுக்குள் இருக்கும் சிறு பையை உடைத்துக்கொண்டு வெளியே வர உதவுவது அந்தத் துண்டுதான். பி.சி.ஜி.யால் அது முடியாது. ஆனாலும் உடனே செத்துவிடாது. வாரக்கணக்கில், சிலரிடம் மாதக்கணக்கில்கூட, உயிரோடு இருக்கும். அதுவரை உடம்பு அதைப் பார்த்துப் பழகுகிறது.

ஊசி போட்ட இடத்தில் முதல் இரண்டு வாரம் பெரிதாக ஒன்றும் தெரியாது. உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும். தோலில் இருக்கும் விழுங்கும் செல்கள் கிருமியை எடுத்துக்கொள்கின்றன. அவற்றில் சில அதன் துணுக்குகளை அக்குள் நிணநீர் முடிச்சுக்குக் கொண்டு போய், டி செல்கள் என்ற எதிர்ப்பு சக்தி செல்களுக்குக் காட்டுகின்றன. அந்தக் கிருமியை அடையாளம் காணக்கூடிய டி செல்கள் அங்கே பெருகி, ஊசி போட்ட இடத்துக்கே திரும்பி வந்து, இன்டர்ஃபெரான் காமா போன்ற பொருள்களைச் சுரக்கின்றன. அதனால் தூண்டப்பட்ட விழுங்கும் செல்கள், தமக்குள் இருக்கும் கிருமியைக் கொல்லத் தொடங்கும். இரண்டு மூன்று வாரத்துக்குப் பிறகு வரும் அந்தக் கொப்புளம் இந்தச் சண்டைதான். மூத்தவளுக்கு நெறி கட்டியதும் இதன் தொடர்ச்சி. சின்னதாக, வலியில்லாமல் இருந்தால் தானே வற்றிவிடும். ஆன்டிபயாடிக் கொடுத்துப் பயனில்லை, கீறவும் கூடாது. பெரிதாகி, மெத்தென்று சீழ் கட்டினால் மட்டும் மருத்துவர் ஊசியால் உறிஞ்சி எடுப்பார். (இடையில் ஒன்று: எப்போதோ ஆறிய பி.சி.ஜி. தழும்பு, விடாத கடும் காய்ச்சலோடு திடீரென்று சிவந்து வீங்கினால் அன்றே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். இதய ரத்தக்குழாய்களைப் பாதிக்கும் கவாசாகி நோயில் அப்படி ஆவதுண்டு.)

பெரும்பாலான தடுப்பூசிகளில் ரத்தத்தில் ஓடும் ஆன்டிபாடியை அளந்து ஓரளவு பேசலாம். காசநோய்க் கிருமி செல்லுக்குள்ளேயே குடியிருப்பதால், இங்கே முக்கிய வேலை டி செல்களுடையது. அதை அளப்பதுதான் சிக்கல்.

சரி, தழும்பு ஏன் விழவில்லை? பிறந்த குழந்தைக்குப் போடுவது 0.05 மில்லி. அதைத் தோலின் மேலடுக்குக்குள் போட வேண்டும். அந்தச் சின்னக் கையில் ஊசி கொஞ்சம் ஆழமாக இறங்கிவிட்டால் மேலே அடையாளம் தெரியாமல் போகலாம். தடுப்பூசியில் இருக்கும் கிருமியின் வகையும் ஒரு காரணம். டேனிஷ், ஜப்பானிய, ரஷ்ய வகைகள் எல்லாம் ஒரே மாதிரி தழும்பு தருவதில்லை. குறைப்பிரசவம், எடைக்குறைவும் சேரும். எல்லாம் சரியாகப் போட்டும் தழும்பே விழாத குழந்தைகள் இருக்கிறார்கள். தழும்பு இல்லை என்பதற்காகத் திரும்பப் போடத் தேவையில்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. தழும்பு உள்ள குழந்தைகளிடையே பொதுவாக இறப்பு குறைவு என்று கினி-பிசாவ் நாட்டு ஆய்வுகள் சொன்னது உண்மை. ஆனால் தழும்பு அவர்களைக் காப்பாற்றியதா, நல்ல ஆரோக்கியம் இருந்ததால் தழும்பு விழுந்ததா என்பதை அதை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

மாண்டூவுக்கு வருகிறேன். கையில் கிருமியின் புரதத்தைப் போட்டு 48 முதல் 72 மணி நேரத்துக்குள் தடிப்பைப் பார்க்கிறோம். அந்தப் புரதத்தை அறிந்த டி செல்கள் அங்கே ஓடி வருகின்றனவா என்பதுதான் சோதனை. ஓடி வருவது வேறு, நோயைத் தடுப்பது வேறு. இதற்கு மிகப் பெரிய பாடம் செங்கல்பட்டில் கிடைத்தது. 1968-இல் அங்கே தொடங்கிய பி.சி.ஜி. ஆய்வில் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், பெரியவர்களுக்கு வரும் சளியில் கிருமி தெரியும் நுரையீரல் காசநோயை ஊசி தடுக்கவே இல்லை. ஊசிக்குப் பின் மாண்டூ தடிப்பு நன்றாக வந்தும் இந்தக் கதி. எம்.வி.ஏ.85.ஏ என்ற புதிய தடுப்பூசியிலும் இதே ஏமாற்றம். டி செல்களும் இன்டர்ஃபெரானும் உருவாயின. 2013-இல் வந்த குழந்தைகள் ஆய்வு முடிவில் கூடுதல் பாதுகாப்பு எதுவும் தெரியவில்லை. ஆகவே உங்கள் மகனின் நெகட்டிவ் முடிவை ஊசி தோற்றதற்குச் சாட்சியாக எடுக்காதீர்கள்.

உங்கள் கணவர் படித்தது செங்கல்பட்டு முடிவைப் பற்றியதாக இருக்கலாம். ஆனால் அதே பி.சி.ஜி. பிரிட்டனில் பள்ளி வயதுப் பிள்ளைகளை முக்கால் பங்குக்கு மேல் காப்பாற்றியது. வெப்ப நாடுகளில் மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமிகளோடு சிறு வயதிலேயே உடம்பு பழகிவிடுகிறது. அதன் பிறகு போடும் பி.சி.ஜி. புதிதாகக் கற்றுக்கொடுக்க அதிகம் இல்லை என்பது பலர் ஏற்கும் விளக்கம். பிறந்தவுடன் போடுவதற்கு இதுவும் ஒரு நியாயம். கைக்குழந்தைக்கு வரும் காசநோய் பெரியவர்களுடையதைப் போல நுரையீரலோடு நிற்பதில்லை. உடம்பு விழித்துக்கொள்வதற்குள் கிருமி ரத்தத்தில் ஏறி மூளை உறைக்குப் போகிறது, உடம்பெங்கும் பரவுகிறது. முன்பே பழகிய டி செல்கள் இருந்தால் அந்தப் பரவல் தடுக்கப்படுகிறது. காசநோய் மூளைக்காய்ச்சலுக்கு எதிராக பி.சி.ஜி. தரும் பாதுகாப்பு 70 சதவீதத்துக்கு மேல். அந்த மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்த குழந்தைகளைப் பார்த்தவர்கள் யாரும் 'விட்டுவிடு' என்று சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது ஊசி கூடுதலாக உதவுமா? பிரேசிலில் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த பெரிய ஆய்வில் குறிப்பிடும்படியான பலன் இல்லை. 2018-இல் வளரிளம் பருவத்தினரிடம் ஒரு நம்பிக்கையூட்டும் முடிவு வந்தது. அதை உறுதிப்படுத்தப் பெரிதாகச் செய்த ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. இப்போது எம்.டி.பி.வேக் போன்ற புதிய தடுப்பூசிகளில்தான் எதிர்பார்ப்பு. அது மனிதக் காசநோய்க் கிருமியையே இரண்டு மரபணுக்களை நீக்கி வலுவிழக்கச் செய்து உருவாக்கியது, ஆராய்ச்சியில்தான் இருக்கிறது.

திரும்பப் போட வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம், உயிருள்ள கிருமி என்பதே. பிறவியிலேயே எதிர்ப்பு சக்தி குறைபாடுள்ள சில குழந்தைகளுக்கு இந்த வலுவிழந்த கிருமியே உடம்பெங்கும் பரவி உயிருக்கு ஆபத்தாகலாம். எடை ஏறாமல் இருப்பது, வாயில் வெண்பூஞ்சை விடாமல் வருவது, அடிக்கடி நிமோனியா, குடும்பத்தில் கைக்குழந்தைகள் காரணம் தெரியாமல் இறந்தது, இதில் ஏதாவது இருந்தால் அடுத்த உயிர்த் தடுப்பூசிக்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். கர்ப்பத்தில் நீங்கள் இன்ஃப்ளிக்ஸிமாப் மாதிரி எதிர்ப்பு சக்தியை அடக்கும் ஊசி போட்டிருந்தாலும் சொல்லுங்கள்.

உங்கள் மாமனார் சிகிச்சையை முடித்து, சளிப் பரிசோதனையிலும் கிருமி இல்லை என்று வந்திருந்தால் அவர் பேரனைத் தாராளமாகத் தூக்கட்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடைக்குறைவு என்று ஆரம்பித்தால் காத்திருக்காமல் சளியைப் பரிசோதியுங்கள். கிருமி மறுபடி தெரிந்தால், அந்த வாரமே இரண்டு பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். நோய் இல்லை என்று உறுதி செய்த பிறகு, மகனுக்குத் தடுப்பு மாத்திரை தொடங்குவார்கள். மூத்தவளுக்கும் தேவையா என்று அங்கேயே கேளுங்கள். தழும்பு இருக்கிறதா இல்லையா என்று அப்போது யாரும் கையைப் பார்க்கப் போவதில்லை.